பி.இ.டி. சாரின் முட்டியும் தொண்டையும்

தருமபுரி மாவட்டப் பாலக்கோட்டிலோ கிருஷ்ணகிரி மாவட்ட மத்தூரிலோ ஒரு மேல்நிலைப் பள்ளி மைதானத்தை எட்டிப் பாருங்கள். மணி பதினொன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது, ஐம்பது பேர். உடற்கல்வி ஆசிரியர், அதாவது பி.இ.டி. சார், இருபது நிமிடமாக வெயிலில் நின்று வரிசை கட்டுகிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், விசில் ஊதுகிறார். நடுவில் "இப்படித் தாண்டணும், பாரு" என்று ஓடிப்போய் ஒரு தடையைத் தாண்டிக் காட்டுகிறார். அப்புறம் மறுபடியும் நிற்கிறார். அடுத்த பீரியடில் அடுத்த வகுப்பு, அதே தடை.

"விளையாட்டு வாத்தியாருக்கு என்ன, உடம்பு கல்லு மாதிரி இருக்கும்" என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பயிற்றுநர் வேலை உடம்பைக் கட்டுவதைவிடத் தேய்ப்பதே அதிகம். விளையாட்டு வீரருக்கு உடலைச் சூடேற்ற நேரம் உண்டு, ஆட்டம் உண்டு, முடிந்ததும் ஓய்வு உண்டு. பயிற்றுநருக்கு இந்த மூன்றும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. நீண்ட நேரம் நிற்பார், சட்டென்று முழு வேகத்தில் ஓர் அசைவு செய்வார், மறுபடி நிற்பார். வருடா வருடம் வரும் பிள்ளைகளுக்கு அதே பன்னிரண்டு வயதுதான். காட்டிக் கொடுப்பவருக்கு மட்டும் வயது ஏறுகிறது. பள்ளி ஆசிரியர், அகாடமி கோச், ஜிம் பயிற்சியாளர், யோகா ஆசிரியர், சிலம்பம் மாஸ்டர், நீச்சல் கோச் எல்லாருக்கும் அடிப்படைச் சிக்கல் இதுதான்.

உடல் உழைப்பை அளக்க 'மெட்' என்று ஓர் அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். மைதானத்தில் நின்று நடந்து பயிற்சி கொடுப்பது ஏறத்தாழ 4 மெட், பிள்ளைகளோடு சேர்ந்து ஆடினால் 8 மெட். 70 கிலோ எடையுள்ளவருக்கு 4 மெட் என்பது மணிக்கு 280 கலோரி. வேகமாக நடப்பதற்கு ஆகும் உழைப்புதான், தனியாகப் பார்த்தால் பெரிதல்ல. சும்மா நிற்பதிலிருந்து 8-க்கும், 8-லிருந்து மறுபடி நிற்பதற்கும் ஒரு நாளில் பலமுறை தாவுவதில்தான் கேடு இருக்கிறது.

ஆறிய உடம்போடு காட்டிக் கொடுப்பது

நின்றுகொண்டே இருந்தால் தசையும் தசைநாரும் ஆறி விறைத்துப் போகும். அந்த நிலையில் முழு வேகத்தில் பாய்ந்தால் முதலில் போவது பின்தொடைத் தசை, அடுத்தது குதிகாலுக்கு மேலே இருக்கும் கெட்டியான தசைநார். இந்தத் தசைநார் அறுந்தால் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். 'பட்' என்று சத்தம்கூடக் கேட்கலாம். அந்தக் காலின் நுனிவிரலில் நிற்க வராது. குப்புறப் படுக்க வைத்து ஆடுசதையைப் பிழிந்தால் நல்ல காலில் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும்; அறுந்த காலில் அசையாது. அசையவில்லை என்றால் எண்ணெய் போட்டு உருவிவிடாமல் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். 30-லிருந்து 50 வயது வரை உள்ள ஆண்களுக்கு இது அதிகம் வருகிறது. சளி, சிறுநீர்க் கடுப்பு என்று சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் வகை மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் அடுத்த சில வாரங்களிலும் இந்தத் தசைநார் பலவீனமாக இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த மாதத்தில் ஓடிக் காட்டும் வேலையே வேண்டாம்.

தடுக்க வழி எளிது. முதல் பீரியடுக்கு முன் ஐந்து நிமிடம் உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு நிமிடம் வேகநடை, குதிகாலைத் தூக்கி இறக்குவது 15 முறை, பாதி உட்கார்ந்து எழுவது 10 முறை, கை சுழற்றல், அரை வேகத்தில் இரண்டு சிறு ஓட்டம். பிள்ளைகளை வார்ம்-அப் செய்ய வைத்துவிட்டு ஓரத்தில் நிற்கும் ஆசிரியர்தான் அதிகம். அவர்களோடு சேர்ந்து செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். காட்டிக் கொடுக்கும் அசைவை அரை வேகத்தில் காட்டுங்கள். கற்றுக்கொள்பவருக்கும் மெதுவாகக் காட்டினால்தான் கண்ணில் படும். முழு வேகத்தில் காட்ட வேண்டும் என்றால் நன்றாகச் செய்யும் மாணவனையோ மாணவியையோ செய்யச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நின்று விளக்குங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஒரே பக்கத் தேய்மானம் இன்னொரு சங்கதி. வாலிபால் சர்வீஸ் போட்டுக் காட்டுவது, கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனுக்குப் பந்து எறிந்து கொடுப்பது, பேட்மிண்டனில் கூடை நிறைய ஷட்டில் வைத்து ஒவ்வொன்றாக அடித்துக் கொடுப்பது எல்லாம் ஒரே கையால் ஒரு மாலைக்கு நூற்றுக்கணக்கில் நடக்கும். ஆட்டத்தில் வீரர் அடிப்பதைவிட கோச் அடிப்பதுதான் அதிகம். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோளில் சுருக்கென்று வலிப்பதும், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போவதும் தோள் தசைநார் உரசலின் ஆரம்பம். எறிந்து கொடுக்க நீண்ட கைப்பிடிக் கரண்டி போன்ற சைடு ஆர்ம் குச்சி கிரிக்கெட்டில் வந்துவிட்டது. தோளுக்குப் பெரிய விடுதலை அது. ஷட்டிலை ராக்கெட்டால் அடிக்காமல் கையால் எறிந்தும் கொடுக்கலாம். யோகா ஆசிரியர்கள் எப்போதும் வலப்பக்கத்தையே காட்டுவார்கள்; திங்கள் வலம், செவ்வாய் இடம் என்று மாற்றிக்கொண்டால் இடுப்பு தப்பிக்கும்.

நிற்பதாலேயே வருவது குதிகால் வலி. காலையில் எழுந்து வைக்கும் முதல் நான்கைந்து அடியில் ஊசி குத்துவது போல வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால் பாதத்தின் அடிச்சவ்வு புண்பட்டிருக்கிறது என்று பொருள். இறுகிய செம்மண் தரையும் சிமெண்ட் கூடைப்பந்துத் தளமும் இதை வளர்க்கும். ஷூவை மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மேல்பாகம் புதிதாக இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. கட்டிலை விட்டு இறங்கும் முன் கால்விரல்களை உங்களை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிப்பதை பத்து முறை செய்தால் அந்த முதல் அடி இலகுவாகும்.

கோடு போடும் நாள்

விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எட்டுப் பாதை கொண்ட 400 மீட்டர் தடகளத்துக்கு ஒன்பது கோடு வேண்டும். கூட்டினால் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வரும். அத்தனையும் குனிந்து, கையால் சுண்ணாம்புத் தூவி. இடுப்பை வளைத்தபடி மணிக்கணக்கில் நடப்பது முதுகெலும்பு வட்டுக்கு ஆகாத வேலை. மறுநாள் ஹர்டில்ஸ் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டால் காரணம் ஹர்டில்ஸ் அல்ல, முந்தைய நாள்தான். சக்கரம் வைத்த கோடுபோடும் பெட்டி இல்லாவிட்டால், அடியில் துளையிட்ட டப்பாவை இடுப்புயரக் கம்பில் கட்டித் தட்டிக்கொண்டே நடக்கலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் ஐந்து முறை வளையுங்கள்.

சுண்ணாம்பில் இன்னொரு ஆபத்து. கல் சுண்ணாம்பை நீற்றும்போது கொதிக்கும். அந்தக் குழம்போ தூளோ கண்ணில் பட்டால் கருவிழி வெந்துபோகும். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும். பட்டவுடன் இமையைத் திறந்து பிடித்து, துகளை வழித்தெடுத்து, குடிநீரோ குழாய்நீரோ கைக்குக் கிடைத்ததை 20 முதல் 30 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் மருத்துவமனை. காற்றுக்கு எதிராகத் தூவாதீர்கள், சாதாரணக் கண்ணாடியாவது போடுங்கள், பிள்ளைகளை இந்த வேலைக்கு அழைக்காதீர்கள். கல் கோலமாவு கண்ணை இந்த அளவுக்கு எரிக்காது, ஆனாலும் தூசு தூசுதான். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

வெயில், வியர்வை, தண்ணீர்

ஓசூர், தளிப் பக்கம் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், காற்றாவது கிடைக்கும். அரூர், ஊத்தங்கரை, தருமபுரியில் மார்ச் முதல் ஜூன் வரை மைதானம் அடுப்புதான். உடம்புக்கு வெயில் பழக 7 முதல் 14 நாள் ஆகும். பழகியது விட்டுப்போக மூன்று நான்கு வாரம் போதும். மே விடுமுறை முழுக்க மின்விசிறிக்கு அடியில் இருந்துவிட்டு, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே முழு நாளும் மைதானத்தில் நிற்பதால்தான் ஜூனில் தலைசுற்றல் வருகிறது. முதல் வாரம் பாதி நேரம் நிழலில் எடுக்கும் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிய ஓர் எடை இயந்திரம் போதும். வேலைக்கு முன் 70 கிலோ, இரண்டு மணி நேரம் கழித்து 69 கிலோ, நடுவில் அரை லிட்டர் குடித்திருக்கிறீர்கள் என்றால் போனது ஒன்றரை லிட்டர். உடல் எடையில் 2 சதவீதம் குறைந்தாலே கவனம் சிதறும், நிதானம் தவறும். பயிற்றுநரின் கவனம் சிதறினால் அடிபடுவது பிள்ளை. 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது 150 முதல் 200 மில்லி என்பது நல்ல கணக்கு. மொத்தமாக வெறும் தண்ணீரையே குடித்துத் தள்ளினால் உப்பு குறைந்து அதுவும் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். உப்புப் போட்ட நீர்மோரும் கேழ்வரகுக் கூழும் இந்த வேலைக்காகவே செய்து வைத்தது போல. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்றால் ஒரு லிட்டருக்கு உரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கொட்டிக் குடிப்பது தவறு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண் பயிற்றுநர்களிடம் வேறொரு பழக்கம் இருக்கிறது. மைதானத்தில் கழிப்பறை இருக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். அதன் விலை சிறுநீர்க் கடுப்பும் சிறுநீரகக் கல்லும். போட்டி நடத்தும் இடத்தில் பந்து, விசில் பட்டியலோடு கழிப்பறையையும் ஒரு வரியாக எழுதிக் கேட்பதே சரி.

யாராவது வெயிலில் உளற ஆரம்பித்தால், நடை தள்ளாடினால், தோல் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். 108-ஐ அழைத்துவிட்டு வண்டி வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இனி, இந்த இரண்டு மாவட்டத்துக்கே உரிய சிக்கல். நிறையக் குடியுங்கள் என்று சொல்லியாகிவிட்டது, எந்தத் தண்ணீரை? தருமபுரி, கிருஷ்ணகிரியின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு கூடுதல். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம். வேறு நீரே இல்லை என்றால் 1.5 வரை. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பும் சேர்ந்தது; ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. இருந்தும் மைதானத்தில் இருப்பது பெரும்பாலும் போர் தண்ணீர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் இருப்பவர் 2 லிட்டர் குடித்தால் 6 மில்லிகிராம். வெயிலில் நிற்கும் பயிற்றுநர் 5 லிட்டர் குடித்தால் 15. உணவையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினாலே எலும்புக்குக் கேடு தொடங்கலாம், 14-ல் கேடு தெளிவாகத் தெரியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஒரே போர்தான், குடிக்கும் அளவு கூடியதால் ஆபத்தும் கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் சேரும்போது கழுத்தும் முதுகும் இறுகும், மூட்டு மடங்காது. "விளையாடித் தேய்ஞ்ச முட்டி" என்று பெயர் வைத்துவிட்டு வலி மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

வித்தியாசம் கண்டுபிடிக்க மூன்று எளிய சோதனைகள் உண்டு. முட்டியை மடக்காமல் தரையில் கிடக்கும் நாணயத்தை எடுக்க முடிகிறதா? மோவாய் நெஞ்சைத் தொடுகிறதா? இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கிப் பின்தலையைத் தொட முடிகிறதா? தேய்ந்த முட்டி என்றால் முட்டி மட்டும்தான் மறுக்கும். மூன்றுமே வரவில்லை என்றால் சிறுநீரில் ஃப்ளோரைடு பார்க்கச் சொல்லி அரசு மருத்துவமனையில் கேளுங்கள். தண்ணீரைச் சோதிக்கக் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, நீர் வற்றுவதால் செறிவுதான் கூடும். மெழுகுவர்த்தி வடிவ ஃபில்டரும் பிடிக்காது. ஒகேனக்கல் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வீட்டிலிருந்தே பெரிய கேனில் கொண்டுவருவதுதான் வழி. டீயிலும் ஃப்ளோரைடு உண்டு. நாளைக்கு ஆறு டீ குடிப்பவர் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தொண்டையும் காதும்

தூரம் இரண்டு மடங்கானால் திறந்த வெளியில் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் கேட்பது போல 16 மீட்டரிலும் கேட்க வேண்டும் என்றால் 24 டெசிபல் கூட்டிக் கத்த வேண்டும். குரல்நாண்கள் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுபவை. பெண்களுக்கு இருநூறு அளவில். கத்தும்போது மோதல் பலமாகி, அதே இடத்தில் நாளடைவில் சின்ன முடிச்சு விழும். குரல் கரகரத்து, பாதி வார்த்தையில் காற்று மட்டும் வரும்.

கத்துவதைக் குறைக்கப் பிள்ளைகளை வரவழைக்க வேண்டும். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் ஓடி வா. அரைவட்டமாக நான்கைந்து மீட்டருக்குள் உட்கார வைத்துச் சாதாரணக் குரலில் சொல்லி அனுப்புங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றால் சொல் பிள்ளைகளிடம் போகும். இடுப்பில் கட்டும் சின்ன மைக் ஸ்பீக்கர் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. தொண்டை கட்டிய நாளில் கிசுகிசுப்பதும் நாண்களுக்குச் சிரமமே. மெதுவாக, இயல்பான குரலில் பேசுவது மேல். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்க்கட்டும். மிளகுப்பால் நல்லதுதான், முடிச்சை அது கரைக்காது.

விசில் தொண்டையைக் காப்பாற்றும், காதைத் தின்னும். ஊதுபவரின் காதருகே அது 100 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலை நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100-ல் 15 நிமிடம், 106-ல் நான்கு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு விசிலுக்கு ஒரு நொடி என்றாலும், கபடிப் போட்டியில் நாள் முழுக்க நடுவராக நிற்பவர் இந்த எல்லையைச் சுலபமாகத் தொட்டுவிடுவார், அதுவும் தகரக் கூரை போட்ட உள்ளரங்கில். ராத்திரி படுத்ததும் காதில் 'ங்ஙீ' என்று இரைந்தால் அன்றைக்கு அளவு மீறியது என்று அர்த்தம். போட்டி நாளில் நுரைக் காதடைப்பான் போடுங்கள், பயிற்சியில் கைச்சைகையைப் பழக்குங்கள், யார் காதருகிலும் ஊதாதீர்கள்.

கண்ணுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் கண் கூசக் கூடாது என்று அவர்கள் முதுகில் வெயில் விழும்படி நிற்க வைப்பார்கள். அப்போது சூரியன் ஆசிரியர் முகத்தில். இருபது வருடம் இப்படி நின்றால் கண்ணின் வெள்ளையில் சதை வளரும், புரை சீக்கிரம் வரும். இரு தரப்புக்கும் வெயில் பக்கவாட்டில் விழும்படி வரிசையைத் திருப்புங்கள், சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி போடுங்கள். முன்பக்கம் மட்டும் நீட்டிய தொப்பி கழுத்தையும் காதையும் காக்காது.

நீச்சல் கோச்சுகளுக்குக் குளத்தின் தனி குளோரின் (அழுக்கோடு சேராமல் நீரில் மிச்சம் இருப்பது) லிட்டருக்கு 1–3 மில்லிகிராம், அமில-கார அளவு (pH) 7.2–7.8 இருக்க வேண்டும். 'குளோரின் வாடை தூக்குகிறது' என்றால் குளோரின் அதிகம் என்று நினைக்காதீர்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போன குளோரினின் வாடை அது. இருமலும் கண் எரிச்சலும் அதனால்தான்.

இடி மின்னலுக்கு விதி: மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்க 30 நொடி ஆகவில்லை என்றால் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் மைதானம் கிடையாது, போட்டி அரையிறுதியாக இருந்தாலும்.

சேர்ந்து வரும் சுமை

குறுவட்டப் போட்டி, அப்புறம் மாவட்டம், மாநிலம் என்று விளையாட்டுப் பருவத்தில் சுமை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அரசுப் பள்ளிகளில் 2012-ல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களின் வேலை வாரத்துக்குச் சில நாள்தான். அந்தச் சம்பளம் போதாது என்று காலையும் மாலையும் அகாடமி, ஜிம் என்று ஓடுபவர்கள் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் பார்த்தால் இரண்டு மணி நேரம்தான். உடம்போ கூட்டித்தான் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஒரு நோட்டில் தினமும் மூன்றே வரி எழுதுங்கள்: நின்ற மணி நேரம், முழு வேகத்தில் காட்டிய தடவை, வலி பத்துக்கு எத்தனை. வலி 3-க்குள் இருந்து மறுநாள் காலை போய்விட்டால் தொடரலாம். மறுநாளும் இருந்தால் காட்டிக் கொடுப்பதைப் பாதியாகக் குறையுங்கள். 5-ஐத் தாண்டினாலோ, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ, கை கால் மரத்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சு இறுக்கம் வந்து இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்கு. 40 வயதுக்கு மேல் வருடம் ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது நல்லது. மைதானத்தில் நிற்பவருக்கு இதெல்லாம் வராது என்பது வெறும் நம்பிக்கை.

தனியார் பள்ளியிலோ ஜிம்மிலோ வேலைக்குச் சேரும்போது மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். வேலையில் அடிபட்டால் தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது பட்டது, யார் பார்த்தார்கள் என்று அன்றைக்கே எழுதி நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து முட்டியில் அறுவை என்று வரும்போது கையில் காட்ட அந்தத் தாள் வேண்டும்.